எடையும் எட்டும் தூரமும்: காஞ்சித் தெப்பத்திலிருந்து பந்தயப் படகு வரை

பெரிய கப்பலில் ஒருவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனால் கப்பலுக்கு அது தெரிவதில்லை. நான்கு மீட்டர் நீளமுள்ள சிறு படகிலோ ஒருவர் ஒரு சாண் நகர்ந்தாலும் படகு அந்தப் பக்கம் சாய்கிறது, அதன் முகமும் மெல்லத் திசை மாறுகிறது. ஆகவே சிறு படகை, அதிலும் விரைவுக்கென்றே கட்டப்படும் பந்தயப் படகை, வடிவமைப்பவர் உடற்கட்டை வரைந்து முடித்த பின்னர் இருக்கையைப் பற்றி யோசிக்க முடியாது; யார் எங்கே அமர்வது, அமர்ந்தவரின் கை எதுவரை எட்டும் என்னும் இரண்டு கேள்விகளிலிருந்தே அவர் தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் கேள்வி எடையைப் பற்றியது. இரண்டாவது எட்டும் தூரத்தைப் பற்றியது. கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே, பட்டுத் தறிகளுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்று விளங்கும் காஞ்சிபுரத்துக்கும் பந்தயப் படகுக்கும் என்ன தொடர்பு என்று வினவத் தோன்றலாம். எனினும் இவ்விரு கேள்விகளுக்கும் அவ்வூர் நெடுங்காலமாகத் தனித்தனியே விடை கண்டு வைத்திருக்கிறது: எடைக்கான விடை அதன் திருக்குளங்களில் மிதக்கும் தெப்பத்தில் இருக்கிறது; எட்டும் தூரத்துக்கான விடை அதன் நெசவாளர் கால் வைக்கும் குழியில் இருக்கிறது.

தெப்பம் என்பது மரங்களையோ மூங்கில்களையோ பக்கம் பக்கமாகப் பிணைத்துச் செய்யும் மிதவை. புணை என்னும் பழஞ்சொல்லும் இப்பொருளிலேயே வழங்கியது. கோயில் வழக்கில் இச்சொல் உற்சவமூர்த்தியை, அதாவது விழாக்களில் வெளியே எழுந்தருளும் திருமேனியை, குளத்தில் வலம் வரச் செய்யும் அலங்கார மிதவையைக் குறிக்கத் தொடங்கியது. மதுரையில் 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் அமைந்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும், தெப்பத்தின் மீதே இசைக் கச்சேரி நடைபெறும் திருவாரூர்க் கமலாலயமும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. காஞ்சியில் சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்கு வடக்கே உள்ள அனந்தசரஸ் என்னும் திருக்குளம், 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாள் காட்சி தந்த அத்திவரதர் என்னும் பெருமாள் திருமேனியால் நாடெங்கும் பேசப்பட்டது. அதே கோயிலின் பெருமாள் தை மாதத்தில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ராஜகுளம் என்னும் சிற்றூருக்கு எழுந்தருளி, அங்குள்ள பெரிய குளத்தில் தெப்பத்தில் வலம் வரும் வழக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மிதவையின் வரலாற்றைத் தேடுவோருக்கு இந்தத் தெப்பத்திருவிழாவும் ஒரு சான்று.

இக்காலத் தெப்பங்கள் பலவற்றில் மரக்கட்டைகளின் இடத்தை, வாய் இறுக மூடப்பட்ட வெற்று இரும்புப் பீப்பாய்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, கழிகளாலும் கயிற்றாலும் சட்டமிட்டு, மேலே பலகை பரப்பி, அதன்மீது மண்டபம் எழுப்புகின்றனர். 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்று முழுதும் அமிழ்ந்தால் 200 கிலோ நீரை ஒதுக்கும். அதன் சொந்த எடை 20 கிலோ என்று கொண்டால் அது தாங்கக்கூடியது 180 கிலோ. ஆனால் எந்தத் தெப்பமும் பீப்பாய் அமிழும் அளவுக்கு ஏற்றப்படுவதில்லை; பாதி அமிழ்ந்த நிலையே பாதுகாப்பானது என்று கொண்டால் பீப்பாய்க்கு 80 கிலோதான் கணக்கு. 100 பீப்பாய்கள் கொண்ட தெப்பம் இக்கணக்கின்படி 8,000 கிலோவைத் தாங்கும். அதில் சட்டமும் பலகையும் மண்டபமும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மனிதர்களுக்கு இடம் மிஞ்சும்.

மிதப்பது ஒன்று, நிலைத்து மிதப்பது வேறொன்று. ஒரு பொருளின் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். நீர் அதை மேல்நோக்கித் தாங்கும் விசை குவிந்திருக்கும் புள்ளி மிதப்பு மையம். மிதவை ஒருபுறம் சாயும்போது அப்புறத்தில் அதிகமாக அமிழ்வதால் மிதப்பு மையம் அந்தப் பக்கமாக நகர்ந்து, சாய்ந்ததை நிமிர்த்தப் பார்க்கிறது. மிதவை அகலமாக இருக்க இருக்க இந்த நிமிர்த்தும் ஆற்றல் பெருகுகிறது, எடை உயரத்தில் குவியக் குவிய அது குறைகிறது. தெப்பம் கட்டுவோர் இச்சொற்களைப் பயன்படுத்தாவிட்டாலும், அவர்களுடைய ஏற்பாடு முழுதும் இவ்விதிக்குள் அடங்கியதே. பெருமாளும் நாச்சிமாரும் எழுந்தருளும் இடம் தெப்பத்தின் நட்டநடுவில் அமைகிறது. அது வழிபாட்டு மரபு வேண்டுவது, சமநிலையும் அதையே வேண்டுகிறது. மேலெழும் கோபுரம் போன்ற அலங்காரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் மெல்லிய கழியாலும் துணியாலும் பூவாலும் ஆனது என்பதால் உயரத்தில் எடை சேர்வதில்லை. அர்ச்சகர்கள் மூர்த்தியை ஒட்டியும், நாகஸ்வரம், தவில் வாசிப்போர் ஒருபுறமும், பாராயணம் செய்வோர் மறுபுறமும் அமரும்போது, மரியாதை முறையும் எடைப் பங்கீடும் ஒரே வரிசையில் நிறைவேறிவிடுகின்றன. ஏறியவர்கள் நிற்காமல் உட்காரச் சொல்லப்படுவதும் வெறும் ஒழுங்குக்காக அன்று. உட்கார்ந்தவரின் எடை தாழ்ந்து நிற்கிறது.

தெப்பத்தைச் செலுத்துவோரின் இடம் இன்னும் நுட்பமானது. கரையிலிருந்து பக்தர்கள் வடம் பிடித்து இழுக்கும்போது கயிறு ஒரு பக்கத்து மூலையிலிருந்தே செல்வதால், தெப்பத்தின் முகம் எப்போதும் கரையை நோக்கித் திரும்பப் பார்க்கும்; அதைத் தடுப்பதற்காகக் கரைப்பக்க ஓரத்தில் நிற்பவர் நீண்ட மூங்கிலைக் குளத்தின் தரையில் ஊன்றி, உடலைச் சாய்த்துத் தள்ளுகிறார். அவர் ஓரத்துக்கு வந்து நின்றதுமே அப்பக்கத்துப் பீப்பாய்கள் விரலளவு கூடுதலாக அமிழ்வதும், மூங்கிலில் விசை ஏறியதும் அவருடைய எடையில் ஒரு பகுதி தரைக்கு இறங்கிப் பீப்பாய்கள் மீண்டும் எழுவதும் குளப்படியில் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும். செலுத்துபவர் தாமே சுமையாகவும் சுக்கானாகவும் இருக்கும் நிலை இது. மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடச் செல்லாத தெப்பத்தில் இதற்கு அவகாசம் உண்டு. பந்தயப் படகில் அந்த அவகாசம் இல்லை.

இரண்டாம் கேள்வியான எட்டும் தூரத்துக்கு விடை காண, குளக்கரையிலிருந்து நெசவாளர் வீட்டுக்குள் செல்ல வேண்டும். காஞ்சிப் பட்டுச் சேலைக்குரிய பாரம்பரியத் தறி குழித்தறி: தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் நெசவாளர் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, அடியிலுள்ள மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்கிறார். மிதித்ததும் விழுதுகள், அதாவது பாவு இழைகளைத் தூக்கித் தாழ்த்தும் நூற்கண்ணிகள், விலகி நடுவே வழி திறக்கின்றன. அவ்வழியே ஊடை நூல் சுற்றிய நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் வாங்குகிறார். காலின் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்கிறது, கையின் வேலை கண்ணெதிரே நிகழ்கிறது. தலையைத் திருப்ப வேண்டிய பொருள் எதுவும் தறியில் இல்லை. இங்கே இருக்கையின் உயரத்தை எவரும் தனியாக நிர்ணயிப்பதில்லை; குழியின் ஆழமும் பாவின் உயரமும் நெசவாளரின் முழங்கால் நீளமும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

காஞ்சிச் சேலையின் கோர்வை முறை இந்த ஏற்பாட்டை இன்னொரு படி மேலே கொண்டு சென்றது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும்படி, ஒவ்வொரு ஊடையின்போதும் கரை நூலையும் உடல் நூலையும் கோத்துப் பிணைக்கும் முறையே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். இங்கிலாந்தில் 1733ஆம் ஆண்டில் ஜான் கே காப்புரிமை பெற்ற விசை நாடா, நடுவில் தொங்கும் கைப்பிடி ஒன்றை இழுத்தாலே நாடா இரு ஓரங்களுக்கும் ஓடும்படி செய்து, நெசவாளரின் கை எட்ட வேண்டிய தூரத்தை ஒரே புள்ளிக்குச் சுருக்கியது. ஆனால் கோர்வைக்கு அது உதவவில்லை. ஓரத்தில் நிகழும் பிணைப்பை நடுவிலிருந்து இழுத்துச் செய்ய முடியாது. ஆகவே கரை நாடாவை எறியும் இரண்டாமவர் தறியின் பக்கத்தில் அமர்ந்தார். ஒருவரின் கை எட்டாத இடத்தில் கருவியை நீட்டுவதா, இன்னொருவரை அமர்த்துவதா என்னும் தேர்வில் காஞ்சி நெசவு இரண்டாவதை ஏற்றது. படகுக் கலையும் இதே தேர்வை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டிருக்கிறது.

காஞ்சியின் கடல் எனத்தக்க மாமல்லபுரம், கோவளம் பகுதிகள் 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. அக்கரையின் முதன்மையான கலம் கட்டுமரம். எடை குறைந்த சில மரங்களை, நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் உயர்ந்தும் இருக்குமாறு கயிற்றால் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துக் கரையில் உலர்த்திவிடுவர். நீர் ஊறிய மரம் மிதப்பை இழக்கும் என்பதே இதற்குக் காரணம். கட்டுமரத்தில் இருக்கை என்று ஒன்று கிடையாது. மீனவர் மண்டியிட்டோ குதிகாலின் மேல் அமர்ந்தோ துடுப்புப் போடுவதால், அவருடைய முழங்கால்களே மரத்தின் அசைவை உணர்ந்து ஈடுகட்டுகின்றன. அலை கவிழ்த்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம், நீரை இறைத்து ஊற்ற வேண்டிய பள்ளமும் இல்லை. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல்லைச் சோழமண்டலக் கரையின் மிதவைக்குரியதாக எழுதினார். பிற்காலத்தில் அதே சொல் மேலைநாடுகளில் இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராயிற்று. 1876ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் பந்தயத்தில் நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய அமரில்லிஸ் என்னும் இரட்டை உடற்படகு மற்றவற்றையெல்லாம் பின்தள்ளியது. அதன்பின் அவ்வகைப் படகுகளையே போட்டியிலிருந்து விலக்கினர். இரண்டு உடல்களுக்கு நடுவே பரப்பிய மேடையில் ஓட்டுநர் அமர்ந்ததால், தெப்பத்தின் அகலமும் குறுகிய படகின் விரைவும் ஒன்றாக அமைந்த கலமாக அது இருந்தது. கட்டுமரத்துக்கும் அதற்கும் வடிவ உறவு குறைவு. பெயர் மட்டும் தமிழ்க்கரையின் நினைவைச் சுமந்து செல்கிறது.

எடையை ஓட்டுநரின் உடலால் நகர்த்தும் கலையில் தமிழகத்தின் சொந்தப் பங்களிப்பு இன்னும் தெற்கே, பாக் நீரிணைக் கரையில் காணப்படுகிறது. அதிராம்பட்டினம் முதல் கோடியக்கரை வரை வழங்கிய வத்தை என்னும் பாய்மரப் படகின் குறுக்கே நீண்ட பலகையொன்றைப் பக்கவாட்டில் வெளியே நீட்டி, காற்று வீசும் பக்கத்தில் அதன்மேல் ஆட்கள் ஏறி நின்றோ அமர்ந்தோ படகைச் சாயாமல் காப்பர். காற்று வலுத்தால் பலகையின் நுனிவரை செல்வர், தளர்ந்தால் உள்ளே வருவர். படகியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு முதலாகக் கடல்சார் அறிஞர்கள் இச்சமநிலைப் பலகையில் ஆர்வம் காட்டி வந்துள்ளனர். தொண்டி வட்டாரத்தில் கோயில் விழாக்களை ஒட்டி நடைபெறும் பாய்மரப் படகுப் போட்டிகளில் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பதில் பாய்க்கு அடுத்தபடி இந்த உடல் நகர்வுக்கே பங்கு அதிகம். இன்றைய ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளில், சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள லேசர் வகைப் படகில், ஓட்டுநர் விளிம்பில் அமர்ந்து, கால்களைத் தளத்தில் கட்டிய பட்டையில் மாட்டிக்கொண்டு உடலை நீருக்கு மேல் நீட்டுவதும் இதே கோட்பாடுதான். 1911இல் நிறுவப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கும் சென்னையிலிருந்து எழுந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்வகைப் படகைச் செலுத்தியவர் நேத்ரா குமணன். அவருடைய படகில் இருக்கை இல்லை, பட்டை மட்டுமே உண்டு.

துடுப்புப் படகுகளின் வரலாறு வேறு திசையில் சென்றது. சென்னையில் அடையாற்றங்கரையில் 1867இல் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கப்பட்டபோது பந்தயத் துடுப்புப் படகின் இருக்கை அசையாத பலகையாகவே இருந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் இருக்கையாக மாறியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அணிகள் மோதும் புகழ்பெற்ற போட்டியில் 1873இல் இரு அணிகளும் நகரும் இருக்கையைப் பயன்படுத்தின. அதற்கு முன்னரே சில வீரர்கள் கால்சட்டையில் கொழுப்பைத் தடவிக்கொண்டு அசையாத பலகைமேல் வழுக்கிப் பார்த்திருந்தனர். நகரும் இருக்கை கொணர்ந்த மாற்றம் பெரியது: முதுகாலும் கையாலும் இழுத்தவர் இப்போது காலால் உந்தத் தொடங்கினார், குழித்தறியின் நெசவாளரைப் போலவே, உடலின் வலிய தசைகள் வேலையை ஏற்றன, கை வழிகாட்டும் பணியைச் செய்தது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருவர் மட்டும் செலுத்தும் பந்தயப் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் அமர்பவரின் எடை அதைப் போல ஐந்தாறு மடங்கு. அத்தகைய எடை பின்னும் முன்னும் நகர்ந்தால் படகு ஒவ்வொரு இழுப்பிலும் விரைந்தும் தயங்கியும் செல்கிறது. இருக்கையை நிறுத்திவிட்டு, துடுப்பைத் தாங்கும் சட்டத்தையும் கால்பலகையையும் நகரச் செய்த படகில் பீட்டர் மைக்கேல் கோல்பே 1981இல் உலக வாகையர் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டில் அவ்வமைப்பு தடை செய்யப்பட்டது. விரைவு கூடியது உண்மை என்பதற்குத் தடையே சான்று.

சுக்கான் பிடிப்பவரின் இடமும் இப்படியே மாறி வந்தது. தமிழ்க் கடலோடிகள் படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் வழங்குவர். கேரளத்தின் சுண்டன் வள்ளத்திலும் பின்கோடி அமரமே; 1952 முதல் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைக்காக ஓடும் அந்நீண்ட வள்ளங்களில் துடுப்போர் இருவர் இருவராக அமர, அமரக்காரர்கள் பின்னே உயரத்தில் நின்று திசை காக்க, நடுமேடையில் உலக்கை போன்ற கழியால் இடித்துத் தாளம் தருவோர் நிற்கின்றனர். எல்லோரையும் காண அமரமே உகந்த இடம். ஐரோப்பிய நால்வர் படகில் பின்னே அமர்ந்த சுக்கானியை 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் வுட்கேட் என்னும் வீரர் தொடக்கத்திலேயே ஆற்றில் குதிக்கச் சொல்லி எடையைக் குறைத்தார். அணி முதலில் வந்தும் வெற்றி மறுக்கப்பட்டது. பின்னாளில் சுக்கானி இல்லாத நால்வர் படகு தனிப்பிரிவாகவே ஏற்கப்பட்டு, வீரர் ஒருவரின் காலணியோடு சுக்கான் கயிறு இணைக்கப்பட்டது. சுக்கானி உள்ள நால்வர் படகுகள் பலவற்றிலோ அவர் அணியத்துக்கு மாற்றப்பட்டு, காற்றுத் தடையும் ஈர்ப்பு மையமும் குறையும்படி மல்லாந்து படுத்தவாறே செலுத்தும் அமைப்பு உண்டாயிற்று.

விசைப்படகு வந்தபோதுதான் எடையும் எட்டும் தூரமும் ஒரே பெட்டியில் அடங்கின. சுக்கான் சக்கரம், விசை கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், அளவுக் கருவிகள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் மேடையைப் படகு கட்டுவோர் கன்சோல் என்றே வழங்குகின்றனர். அது வலப்பக்கம் அமைவதற்கு வழக்கம் மட்டும் காரணமன்று: பின்னிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழலும் உந்துவிசிறியின் எதிர்விசை படகை இடப்பக்கம் சாய்க்க முனைவதால், தனியே ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்ந்தால் அவருடைய எடையே அதை ஈடுசெய்கிறது. ரே ஹண்ட் வரைந்த ஆழ்ந்த வி வடிவ அடிப்பகுதியுடைய படகு 1960இல் மயாமி–நசாவ் கடற்பந்தயத்தை வென்ற பிறகு, அலைமேல் பாய்ந்து விழும் படகில் முதுகெலும்பைக் காப்பதே இருக்கையின் முதற்கடமை ஆயிற்று. கட்டுமரத்து மீனவரைப் போலவே ஓட்டுநர் முழங்காலை மடக்கி நின்று அதிர்ச்சியை வாங்கும்படி, இடுப்பைத் தாங்கும் உயர்ந்த சாய்விருக்கைகள் தோன்றின. நெம்புகோல் கை வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அதிர்வில் கை தவறி அதை முன்தள்ளாதபடி முழங்கைக்கு ஊன்றுகோலும் வேண்டும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரம் நின்றுபோகும்படி, அவர் உடலோடு கட்டிய கயிற்றின் மறுமுனை அணைப்பானில் மாட்டப்பட வேண்டும். ஆழ்கடல் விசைப்படகுப் பந்தயங்களில் ஒருவர் சுக்கானையும் அருகில் அமர்ந்த மற்றவர் விசையையும் கையாள்வது கோர்வைத் தறியின் இருவரையே நினைவூட்டுகிறது: ஒருவரின் கவனம் எட்டாத இடத்தில் இன்னொருவர் அமர்கிறார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரம், கோவளம் கரைகளிலும் கட்டுமரங்களின் இடத்தை இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் பெற்றன. அவற்றில் கன்சோல் இல்லை, ஓட்டுநர் அமரத்தில் நின்றபடி இயந்திரத்தின் கைப்பிடியைத் தம் கையாலேயே திருப்புகிறார். கட்டுமரத்தின் அளவுகளையும் வத்தையின் அளவுகளையும் ஆய்வாளர்கள் ஓரளவு வரைந்து காத்துவிட்டனர். தெப்பத்துக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. பீப்பாய்களை எத்தனை வரிசையில் நிறுத்துவது, மூர்த்தியின் இருக்கையைப் பலகையிலிருந்து எவ்வளவு உயர்த்துவது, எந்த மூலையில் வடம் கட்டுவது என்பவையெல்லாம் கட்டுவோரின் கண்ணளவிலும் கையளவிலுமே இருந்து வருகின்றன. காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கி 2007இல் தொடங்கப்பட்ட இந்தியத் தகவல் தொழில்நுட்ப வடிவமைப்பு உற்பத்தி நிறுவனத்தின் மாணவர்கள், அடுத்த தை மாதத்தில் ராஜகுளத்துக்கு அளவுநாடாவோடு சென்று, தெப்பம் கட்டுபவர்களின் பக்கத்தில் அமர்ந்து, கட்டும் நாள் முதல் அவிழ்க்கும் நாள் வரை ஒவ்வொரு அளவையும் வரைந்து பதிவுசெய்ய வேண்டும்.